கூண்டுப் பறவை பகலில் தூங்கினால்: வயதா, நோயா, கெட்டுப்போன இரவா? முழுமையான வழிகாட்டி

சித்திரை வெயில், மதியம் ஒரு மணி. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அரசலாற்றை ஒட்டிய எங்கள் வீட்டில், சாப்பிட்ட கையோடு ஆளாளுக்கு ரேழியில் பாயை விரித்துவிடுவார்கள். கூண்டில் மணியும் கண்ணை மூடிவிடுவான். மணி எங்கள் காக்டெய்ல் (cockatiel) கிளி, வயது 15. முன்பெல்லாம் மதியத்தில் அரை மணி நேரம் கண்ணயர்ந்தாலே அதிகம். இப்போது பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தால் மூன்று மணி வரை போகிறது. நடுவில் எழுந்து தண்ணீர் குடிப்பதோடு சரி. "வயசாயிடுச்சுடா, தூங்கறான் விடு" என்பார் அம்மா.

மணி விஷயத்தில் அம்மா சொல்வது உண்மைதான். ஆனால் இதே வார்த்தையைச் சில வருஷங்களுக்கு முன் பட்ஜி (budgie) என்கிற சின்னக் கிளி ஒன்றுக்கும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தோம். அது தப்பாகப் போயிற்று. அந்தக் கதை கீழே வருகிறது. அதிலிருந்து எனக்கு ஒரு வரிசை உண்டு. பகல் தூக்கம் கூடினால் முதலில் அதன் இரவைப் பார்ப்பேன், அடுத்து தூங்கும் கோலத்தை, அப்புறம் எடையை. மூன்றிலும் குறை இல்லாவிட்டால்தான் வயதின் மேல் போடுவது.

முதலில், உங்கள் பறவை கிழம்தானா?

நம் பக்கத்தில் லவ் பேர்ட்ஸ் என்று ஜோடி போட்டு விற்பது பெரும்பாலும் பட்ஜி. அதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. நிஜ லவ் பேர்ட்ஸ் ஆப்ரிக்காவைச் சேர்ந்தவை, கொஞ்சம் தடித்த அலகோடு இருக்கும். பட்ஜி நல்லபடியாக வளர்த்தால் 6 முதல் 10 வயது வரை இருக்கும். ஐந்து ஆறு வயதிலேயே முதுமை தொடங்கிவிடும். ஃபின்ச் 5 முதல் 7. ஆப்ரிக்கன் லவ் பேர்ட்ஸ் 10 முதல் 15. காக்டெய்ல் 15 முதல் 20 வரை வாழும். பத்து பன்னிரண்டைத் தாண்டியதும் நடையில் ஒரு நிதானம் வரும்.

வயது தெரியாமல் வாங்கியிருந்தால் சிக்கல். பட்ஜிக் குஞ்சுக்கு நெற்றியில் மூக்குவரை வரி வரியாகக் கோடு இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு மாற்றத்தோடு அது பின்வாங்கிவிடும். பெரும்பாலான நிறங்களில் வளர்ந்த பறவையின் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும். அதற்குமேல் 2 வயதா 6 வயதா என்று பார்வையால் சொல்ல முடியாது. கடைக்காரர் "ஒரு வருஷக் குட்டி சார்" என்றால், ஒரு வருஷத்துக்கு மேல் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலில் வளையம் போட்டிருந்து அதில் வருஷம் பொறித்திருந்தால் அதை நம்பலாம்.

தாத்தா காலத்தில் திண்ணைக்குத் திண்ணை தொங்கிய பச்சைக்கிளியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்க்கக் கூடாது.

முதல் படி: இரவைக் கணக்கெடுங்கள்

இந்தப் பறவைகளுக்கு இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். டெல்டாவில் கோடையோ மார்கழியோ, சூரியன் மறைந்து மறுபடி உதிக்கச் சுமார் பதினொன்றேகால் முதல் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். கிட்டத்தட்ட அதற்குத் தேவையான அளவைச் சூரியனே கொடுத்துவிடுகிறது. கெடுப்பது நம் ட்யூப் லைட்.

கூண்டு எங்கே இருக்கிறது? பெரும்பாலும் ஹாலில், டிவிக்கு நேரே. கடைசி சீரியல் முடிய இரவு பத்தரை. காலையில் ஐந்து மணிக்கு வாசல் தெளிக்க விளக்கைப் போட்டாயிற்று. ஆக ஆறரை மணி நேரம். அதில் மார்கழி வந்துவிட்டால் கோயில் ஒலிபெருக்கி நாலரைக்கே பாட ஆரம்பித்துவிடும். நமக்குத் திருப்பாவை காதுக்கு இனிமை. கூண்டில் இருப்பவனுக்கு அது நடுராத்திரி. அந்தப் பறவை பகலில் தூங்காமல் என்ன செய்யும்?

செய்ய வேண்டியது இதுதான். மாலை ஆறரை ஏழு மணிக்குக் கூண்டை உள் அறைக்கு மாற்றுங்கள். அறை இல்லாவிட்டால் மூன்று பக்கம் பருத்தித் துணியால் மூடி, ஒரு பக்கம் காற்றுக்கு விடுங்கள். கூண்டின் முதுகு சுவரை ஒட்டி இருக்கட்டும். இதற்குக் காரணம் உண்டு. பறவைகளால் மூளையின் ஒரு பாதியை விழிக்க வைத்து, ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்க முடியும். 1999-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் வாத்துகளை வரிசையாகத் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். நம் அறுவடை வயல்களில் கிடை போடுகிற வாத்துகளுக்கு மூதாதையான இனம் அது. நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடித் தூங்க, ஓரத்தில் இருந்தவை வெளிப்பக்கத்துக் கண்ணை அதிகம் திறந்து வைத்துக் காவல் காத்தன. நாலு பக்கமும் திறந்த கூண்டில் தனியாக இருக்கிற பறவை எப்போதும் வரிசையின் ஓரத்தில் இருப்பது மாதிரிதான்.

காக்டெய்ல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு திருத்தம்: கும்மிருட்டு வேண்டாம். பல்லி விழுந்த சத்தத்துக்குக்கூட அவை அரண்டு இருட்டில் கூண்டில் முட்டி இறகை ஒடித்துக்கொள்ளும். சின்ன நைட் லாம்ப் ஒன்று தூரத்தில் எரியட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய ராத்திரி, கரண்ட் போன பிறகு மணி இப்படித்தான் மூன்று முறை அலறி அடித்துக்கொண்டான். கூண்டுக்கு எட்டத்தில் லாந்தரை வைத்த பிறகுதான் அடங்கினான்.

இந்த ஏற்பாட்டை 10 நாள் விடாமல் செய்யுங்கள். பகல் தூக்கம் தானாகக் குறைந்தால் விஷயம் முடிந்தது. என் அனுபவத்தில் பாதிக்குமேல் இங்கேயே முடிந்துவிடும். ஆனால் பறவை சாப்பாட்டைக் குறைத்திருந்தாலோ, உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலோ இந்த 10 நாள் பொருந்தாது. நேரே கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: தூங்கும் கோலம்

எத்தனை நேரம் தூங்குகிறது என்பதைவிட எப்படித் தூங்குகிறது என்பதுதான் முக்கியம். ஒரு மதியம் கூண்டிலிருந்து ஆறடி தள்ளி, நேராக முறைக்காமல், செல்போனைப் பார்ப்பது போல் உட்காருங்கள். கிட்டே போனால் நோயாளிப் பறவைகூட நிமிர்ந்து நல்ல பிள்ளையாகிவிடும். காட்டில் சோர்வைக் காட்டியவன் இரையாவான். கூண்டில் பிறந்தாலும் அந்தப் புத்தி போவதில்லை.

மணி தூங்கப்போவது ஒரு சடங்கு. முதலில் அலகை அரைப்பான். அம்மியில் உப்பைத் தேய்ப்பது போல் மெல்லிய கரகர சத்தம். அது திருப்தியின் சத்தம், பல் கடிக்கிறது என்று பயப்பட வேண்டாம். அப்புறம் ஒரு காலை மடித்து வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொள்வான். கன்ன இறகு உப்பி அலகைப் பாதி மூடும். கழுத்தைத் திருப்பி முதுகில் அலகைச் செருகினால் ஆழ்ந்த தூக்கம். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் சட்டென்று தலையை எடுப்பான். எழுந்ததும் ஒரு பக்கத்து இறக்கையையும் அதே பக்கத்துக் காலையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறிப்பான், அப்புறம் அடுத்த பக்கம். உடனே தீனித் தட்டுக்கு நடை. இதெல்லாம் இருந்தால் இரண்டு மணி நேரம் தூங்கினாலும் கவலை இல்லை.

கவலைப்பட வேண்டிய கோலம் வேறு மாதிரி. இரண்டு காலையும் ஊன்றி, உடம்பு முழுக்க இறகு சிலிர்த்துப் பந்து போல் இருக்கும். வெயில் நேரத்திலும் அப்படியே. பறவையின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 40 டிகிரிக்கு மேல். அதைக் காப்பாற்ற முடியாதபோதுதான் இறகை உப்பி வைக்கிறது. கண் பாதி மூடியிருக்கும், ஆனால் தூங்காது. சத்தம் கேட்டாலும் தலை மெதுவாகத்தான் திரும்பும். எழுந்தாலும் சாப்பிடப் போகாது. மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால் நெஞ்சில் சிரமம் என்று அர்த்தம். குச்சியை விட்டுக் கூண்டின் தரையில் மூலையில் ஒடுங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

வெயில் மயக்கம் தனி. அப்போது இறகு ஒட்டியிருக்கும், இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, பெரும்பாலும் மூச்சால்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும்.

மூன்றாம் படி: தராசும் காலண்டர் தாளும்

கிராம் காட்டுகிற சமையல் தராசு ஒன்று வாங்குங்கள். இந்த வழிகாட்டியில் காசு செலவழிக்கச் சொல்வது இதற்கு மட்டும்தான். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன் எடை போடுங்கள். பழகிய பறவை குச்சி வைத்தால் ஏறி நிற்கும். பழகாததை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு டப்பாவின் எடையைக் கழித்துக்கொள்ளலாம்.

பட்ஜி 30 முதல் 40 கிராம், காக்டெய்ல் 80 முதல் 100 கிராம் என்பது பொதுக் கணக்கு. அதைவிட உங்கள் பறவையின் சொந்தக் கணக்குத்தான் பெரிது. மணியின் எடை 94. ஒரு கிராம், இரண்டு கிராம் ஏறி இறங்கும். 85-ஐத் தொட்டால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. காரணம் தெரியாவிட்டாலும் மருத்துவரைப் பார்த்துவிடுவேன். பட்ஜியில் அந்தப் பத்தில் ஒரு பங்கு வெறும் மூன்றரை கிராம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது, இறகு மூடிவிடும். தராசு இல்லாத வீட்டில் நெஞ்சைத் தடவிப் பாருங்கள்: நடு எலும்பு கத்தி முனை போல் கைக்குத் தட்டுப்பட்டால் சதை கரைந்துவிட்டது.

குறித்து வைக்க நோட்டு தேவையில்லை. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் போதும், தேதி தானாக வந்துவிடும். எடை, பகலில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை தூங்கியது, எச்சம் எப்படி. எச்சத்தில் மூன்று பாகம் உண்டு: பச்சையாகச் சுருண்டது, வெள்ளை, கொஞ்சம் தெளிந்த நீர். எண்ணிக்கை திடீரென்று பாதியானால் தீனி உள்ளே போகவில்லை. தட்டில் உமி நிறைந்திருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். ஊதிப் பார்த்தால்தான் அடியில் தினை அப்படியே இருக்கிறதா என்று தெரியும்.

வயதின் பெயரில் வருகிற நோய்கள்

இனி அந்தப் பட்ஜி. ஆண், 6 வயது, நீல மூக்கு. மூக்குக்கு மேல் இருக்கிற அந்தச் சதை மெதுவாகப் பழுப்பாக மாறியது. பகலில் தூங்க ஆரம்பித்தது. அப்புறம் ஒரு காலை ஊன்றாமல் நொண்டியது. வயசுதானே என்று மூன்று வாரம் விட்டோம். பிறகு காட்டியபோது, வயிற்றுக்குள் விரையில் கட்டி வளர்ந்து காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது என்றார் மருத்துவர். பட்ஜிகளுக்குக் கட்டி அதிகம். நீல மூக்கு ஆண், பழுப்பு மூக்காக மாறுவது அதில் ஓர் அடையாளம். (பெட்டைக்கு முட்டையிடும் பருவத்தில் பழுப்பாகித் தடிப்பது சாதாரணம். மஞ்சள், வெள்ளை வகை ஆண்களுக்கு மூக்கு முதலிலிருந்தே இளஞ்சிவப்பு. அவற்றைப் பார்த்துப் பதற வேண்டாம்.) முன்பே போயிருந்தால் பிழைத்திருக்குமா என்றால் அநேகமாக இல்லை. ஆனால் அந்த மூன்று வாரம் அது வலியோடு உட்கார்ந்திருந்ததை நாங்கள் தூக்கம் என்று நினைத்தோம்.

அலகின் ஓரத்திலும் காலிலும் தேன்கூடு போல் வெள்ளையாகப் பொருக்குக் கட்டினால் அது முதுமை இல்லை, ஒரு வகைப் பூச்சி. மருந்துக்கு நன்றாகக் கேட்கும். அலகு அளவுக்கு மீறி வளர்ந்தால் ஈரலில் கோளாறு இருக்கலாம். வருஷக்கணக்காகத் தினை மட்டும் தின்றவற்றுக்கு ஈரலில் கொழுப்பு படியும். வயதான பெட்டை அடிவயிறு வீங்கி முக்கிக்கொண்டிருந்தால் முட்டை அடைத்திருக்கலாம். அது மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம்.

உண்மையான முதுமை மெதுவாக வரும். இறகு மாற்றம் நீளும், பறப்பது குறையும், மூட்டு இறுகும், கண்ணில் வெண்மை படரும். ஒரு வாரத்தில் வந்த மாற்றத்தை முதுமை என்று நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

கிழப் பறவைக்குக் கூண்டை மாற்றுவது

கடையில் கூண்டோடு வருகிற வழுவழுப்பான பிளாஸ்டிக் குச்சியை முதலில் தூக்கிப் போடுங்கள். எந்நேரமும் ஒரே தடிமனில் நின்றால் பாதத்தில் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகும். பகலிலும் நின்றே தூங்குகிற கிழத்துக்கு அது இரட்டிப்பு. கொல்லையில் கொய்யா இருந்தால் பூச்சிமருந்து அடிக்காத கிளையாக, விரல் தடிமனில் ஒன்று, அதைவிடத் தடித்தது ஒன்று என்று வெட்டி, தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். தூங்குகிற குச்சிக்கு மட்டும் பழைய வேட்டித் துணியை இறுகச் சுற்றுங்கள். நூல் பிரிந்தால் காலில் சிக்கும், வாரம் ஒரு முறை மாற்றுங்கள்.

தூங்குகிற குச்சி தரையிலிருந்து நாலு விரல், ஆறு விரல் உயரத்துக்கு இறங்கட்டும். ஆனால் ஒரேயடியாக இறக்காதீர்கள். உயரத்தில் தூங்கிப் பழகியதைத் தாழ்த்தினால் பயத்தில் தூங்காது. வாரம் ஒரு படியாக இறக்குங்கள், நடுவில் ஏறிவர ஒரு சாய்வுக் குச்சி வையுங்கள். தண்ணீரும் தீனியும் தூங்குகிற இடத்திலிருந்து இரண்டடி எடுத்து வைத்தால் கிடைக்க வேண்டும். தரையில் செய்தித்தாளுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று இருந்தால் விழுந்தாலும் அடிபடாது. கண் மங்கிய பறவையென்றால் எதையும் இடம் மாற்றாதீர்கள், கிட்டே போகும்போது குரல் கொடுத்துக்கொண்டே போங்கள்.

முட்டைக்காகத் தொங்கவிட்ட மண்பானையை எடுத்துவிடுங்கள். இருட்டுப் பானை இருக்கும் வரை பெட்டைக்கு முட்டையிடும் நினைப்பு போகாது. வயதில் அது உயிருக்கே ஆபத்து.

தீனியில் ஒன்று சொன்னால் போதும்: முருங்கைக்கீரை. தினை, கம்பில் வைட்டமின் ஏ கிடையாது, முருங்கையில் நிறைய உண்டு. கொத்தாகக் கழுவி ஈரத்தோடு தொங்கவிடுங்கள். காரட், பரங்கி துருவல் அடுத்தபடி. சுண்ணாம்புச் சத்துக்குக் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள்.

டெல்டாவின் பருவங்கள்

கத்திரி வெயிலில் பதினொன்று முதல் நாலு வரை எல்லாப் பறவையும் அதிகம் தூங்கும். அந்த மாதக் கணக்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். தகர ஷீட், ஓட்டுத் தாழ்வாரத்தின் கீழ் கூண்டு வேண்டாம். ஈரத் துணியைக் கூண்டின் ஒரு பக்கம் மட்டும் தொங்கவிட்டு, மின்விசிறி நேராக அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கவனிக்க வேண்டியது தினை. ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துவிடும், அதன் தூள் பறவையின் நுரையீரலில் குடியேறும். முகர்ந்து பார்த்து மக்கல் வாடை இருந்தால் கொட்டிவிடுங்கள். அந்த இரண்டு மாதம் அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள்.

தையில் சம்பா அறுவடை மிஷின் இறங்கினால் ஊரே தூசி. வயலோரத்து வீடென்றால் அந்தச் சில நாள் கூண்டு உள்ளே இருக்கட்டும். கொசுவர்த்தி, சாம்பிராணி, கற்பூரப் புகைக்கு வருஷம் முழுக்கத் தடை. நான்ஸ்டிக் தோசைக்கல் காய்ந்து புகைந்தால் அந்த வாடை நிமிஷங்களில் பறவையைக் கொன்றுவிடும். அடுப்படிக்கும் கூண்டுக்கும் நடுவில் ஒரு கதவாவது வேண்டும்.

எப்போது கிளம்ப வேண்டும்

தரையில் ஒடுங்குதல், வால் ஆட்டத்தோடு மூச்சு, ஒரு நாள் முழுக்கத் தீனி எடுக்காமை, ரத்தம், முட்டை அடைப்பு: இதில் எது ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். கோழிக்குக் கொடுக்கிற மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலந்து பார்ப்பதும் வேண்டாம். எடைக்கு அளவு தெரியாமல் கொடுப்பது நோயைவிட மோசம். உப்பிக்கொண்டிருக்கிற பறவைக்கு வழியில் சூடு வேண்டும். சின்ன அட்டைப்பெட்டியில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டு, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு ஓரத்தில் வையுங்கள். வேண்டாமென்றால் விலகிக்கொள்ள மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பாட்டிலை எடுத்துவிடுங்கள்.

எல்லாக் கால்நடை மருத்துவரும் சின்னப் பறவை பார்ப்பதில்லை, முதலில் போனில் கேட்டுவிடுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது கூண்டின் அடித்தாளை எச்சத்தோடு மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். காலண்டர் தாள்களையும் மறக்காதீர்கள், "எப்போதிலிருந்து இப்படி இருக்கு?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி.